கஞ்சியைக் குறைக்கவும்

எங்கள் கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கை ஒன்று உண்டு. அதில் இரண்டு பட்டியல். ஒன்றில் பச்சை எழுத்தில் 'சாப்பிடலாம்', இன்னொன்றில் சிவப்பில் 'குறைக்கவும்'. சான்பிரான்சிஸ்கோ சைனாடவுனுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கிளினிக் என்பதால் வருபவர்களில் பெரும்பாலானோர் சீனர்கள். தாளின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சீனம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தச் சிவப்புப் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். வெள்ளைச் சோறு, நூடுல்ஸ், எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி, அப்புறம் 'கான்ஜி'. ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நம்ம ஊர்க் கஞ்சி! போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, உலகம் முழுக்கச் சீன உணவகங்களின் மெனுவில் போய் உட்கார்ந்துகொண்ட சொல். சீனர்கள் தங்களுக்குள் அப்படிச் சொல்வதே இல்லை. கான்டனீஸில் அது 'ஜுக்'. காய்ச்சலுக்கு ஜுக், பல் போனால் ஜுக், பிள்ளை பெற்றவளுக்கு ஜுக். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து கஞ்சியில் வளர்ந்த நான், கடல் தாண்டி வந்து, கஞ்சி குடிக்கும் இன்னொரு கூட்டத்திடம் கஞ்சியைக் குறையுங்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பாவம்டி, அவங்களையாவது விட்டுடேன்" என்றாள். அம்மாவுக்கும் சுகர்.

இதை எழுத உட்கார்ந்தது கஞ்சிக்காக இல்லை. கம்ப்யூட்டரில் நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'சுய பராமரிப்பு இலக்கு'. ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு முறையும் தனக்கென்று ஒன்றைச் சொல்ல வேண்டும். தினமும் 20 நிமிடம் நடப்பேன், மாத்திரையை விடாமல் போடுவேன், இப்படி. நல்ல ஏற்பாடுதான். சர்க்கரை நோயில் டாக்டரைப் பார்க்கிற நேரம் வருடத்துக்கு ஒன்றிரண்டு மணி; மிச்ச நேரமெல்லாம் நோயாளி தானே சமாளிக்க வேண்டியதுதான். ஆனாலும் அந்தச் 'சுய' என்ற சொல் கொஞ்ச காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. உறுத்த வைத்தது ஒரு பாட்டி. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவரைப் 'போபோ' என்றுதான் கூப்பிடுவோம். கான்டனீஸில் பாட்டி. 1951-இல் குவாங்டோங் மாகாணத்தின் தைஷானில் பிறந்தவர். சைனாடவுனின் பழைய குடும்பங்களில் பலவற்றுக்கு வேர் அந்த ஊர்ப்பக்கம்தான். 1882-இல் சீனர்களுக்குக் கதவடைத்த சட்டம் 1943-இல்தான் நீங்கியது. 1965-இன் சட்டத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியை, அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ளலாம் என்றானது. போபோவும் அக்காள் அழைத்து வந்தவர்தான். 20 வருடம் தையல் பட்டறையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைத்தார். கணவர் இல்லை. ஸ்டாக்டன் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருக்கிறார். ஒரு கட்டில், ஒரு அரிசி மூட்டை, ஜன்னலோரம் காய வைத்த ஆரஞ்சுத் தோல், அவ்வளவுதான் இடம். சமையலறையும் குளியலறையும் அந்த மாடியில் இருக்கும் எல்லோருக்கும் பொது. தினமும் மதியம் 8-ஆம் எண் பஸ் பிடித்து விசிட்டேஷன் வேலியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவார். பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, காய் நறுக்கி வைத்து, ராத்திரிச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு கடைசிப் பஸ்களில் ஒன்றில் திரும்புவார்.

ஒன்றரை வருடமாக அவருடைய மூன்று மாதச் சராசரி, அதாவது ஏ1சி, ஒரு காலாண்டைத் தவிர 9-க்கு மேலேயே நின்றது. 7-க்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்பது டாக்டரின் கணக்கு. நான் சொல்வதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர் சொல்வார், போபோ தலையை ஆட்டி 'ஹோ, ஹோ' என்பார். 'ஹோ' என்றால் நல்லது, சரி. சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் பெரியவர்கள் 'ஆகட்டும்மா' என்பார்களே, அந்த வகை 'ஹோ' என்று புரிய நாளானது. நீ சொன்னது காதில் விழுந்தது, நீ நல்ல பெண், இத்துடன் விட்டுவிடு என்று பொருள்.

பாதி மாத்திரை

முதலில் மாத்திரைக் கதை. போபோ சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடிக்கவே நான்கு மாதம். மாத்திரை தீர வேண்டிய நாளில் தீரவில்லை, பார்மசியில் மறுபடி வாங்கவும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணத்தை மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "இது அமெரிக்கர்களின் பெரிய உடம்புக்குச் செய்த மாத்திரை. என் உடம்புக்குப் பாதி போதும்." அதோடு மேற்கத்திய மருந்து 'சூடு', அவர் காய்ச்சிக் குடிக்கும் மூலிகைச் சூப்போடு ஒத்துப்போகாது, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும், இடைவெளி விடப்போய்ச் சில நாள் மறந்தே போகும். சூடு, குளிர்ச்சி பற்றி எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பலாப்பழம் சூடு, மோர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்தவளுக்கு 'யிட் ஹேய்' என்ற சொல்லை ஒரு தடவை சொன்னால் போதும். கூட வேலை பார்க்கும் வெள்ளைக்கார நர்ஸ்தான் உடம்பு வெப்பநிலையைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்துத் தெர்மாமீட்டரை எடுத்தாள்.

உடம்பு அளவைப் பற்றிப் போபோ சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மாத்திரை விஷயத்தில் கணக்குத் தப்பு. மெட்ஃபார்மினை ஆள் பருமன் பார்த்துக் கொடுப்பதில்லை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான். மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் உடைக்கவே கூடாது. ஆனால் 'எங்கள் உடம்பு வேறு' என்பதில் உண்மை இருக்கிறது. பொதுவாக பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்கிறார்கள். ஆசியர்களுக்கு அந்த அளவு வரும்வரை சர்க்கரை நோய் காத்திருப்பதில்லை. அதனால் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-இல், ஆசிய வம்சாவளியினரை 23-லிருந்தே பரிசோதிக்கச் சொல்லி அளவை மாற்றியது. கைகால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் லேசாக முன்னால் நிற்கும். இந்த உடம்பை எனக்கு நன்றாகத் தெரியும், என் மாமாக்கள் அத்தனை பேரும் அப்படித்தான். போபோ 148 செ.மீ., 51 கிலோ. கணக்குப் போட்டால் 23-ஐச் சற்றே தாண்டும். காற்றடித்தால் விழுந்துவிடுவார் போலிருப்பவரிடம் "எடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னதற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

மூலிகை பற்றி நான் வாயைத் திறக்காமல் இருக்கவே பார்ப்பேன். கிழங்கும் வேரும் போட்டுக் காய்ச்சுகிற சூப்பால் பெரிய கெடுதல் இல்லை. பயமுறுத்துவது டப்பாவில் வரும் 'இயற்கை' மாத்திரைகள். 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியா சுகாதாரத் துறை சோதித்தபோது, மூலிகை என்று விற்கப்பட்ட சில சர்க்கரை மாத்திரைகளுக்குள் கிளைபுரைடு, ஃபென்ஃபார்மின் என்ற ஆங்கில மருந்துகள் இருந்தன. ஃபென்ஃபார்மின் இந்த நாட்டில் 1970-களிலேயே சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து. ஆகவே டப்பாவைக் கொண்டுவந்து காட்டுங்கள், திட்ட மாட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். திட்டுகிறவர்களிடம் யாரும் டப்பாவைக் காட்ட மாட்டார்கள்.

அடுத்தது எண். போபோவிடம் விரல் குத்திப் பார்க்கும் மெஷின் இருந்தது, ஆனால் அதில் பழைய எண்களே இல்லை. இன்சுலின் போடாதவர்களுக்கு மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசுக் காப்பீடு, மூன்று மாதத்துக்கு 100 ஸ்ட்ரிப் தருகிறது. அதை அப்படியே பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். ஏன் பார்ப்பதில்லை என்று பல விதமாகக் கேட்டும் 'ஹோ, ஹோ'தான். ஒருநாள் தானாகவே சொன்னார். தைஷானில் இருக்கும் தங்கைக்கும் சுகர். இரண்டு பேரும் வீசாட்டில் தினமும் பேசுவார்கள். தங்கைக்கு அன்று காலை 9.2. இவருக்கு 171. "அவள் மிட்டாய் தின்கிறவள். அவளுக்கு ஒன்பது, எனக்கு நூற்று எழுபத்தொன்று." ஒன்று மெஷின் பொய் சொல்கிறது, இல்லாவிட்டால் நாம் சாகப் போகிறோம், இரண்டில் எதுவானாலும் தினமும் காலையில் எழுந்து பார்க்கத் தேவையில்லை. இந்த முடிவுக்கு வந்துதான் ஸ்ட்ரிப்பை டப்பாவில் போட்டு மூடியிருக்கிறார். சீனாவில் மில்லிமோலில் அளக்கிறார்கள், அமெரிக்காவிலும் இந்தியாவிலும் மில்லிகிராமில். அங்குள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால் இங்குள்ள எண். 9.2 என்பது இங்கே 166. அக்காள் தங்கை இருவரும் ஏறக்குறைய ஒரே நிலைமையில்தான் இருந்தார்கள். ஒரு அட்டையில் இரண்டு வரிசையாக எண்களை எழுதிக் கொடுத்தேன். அதைப் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பிவிட்டு, மிட்டாய் தின்கிறாயே என்று அவளைத் திட்டி ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டார். இவ்வளவு சாதாரண விஷயம் எங்கள் துண்டறிக்கை எதிலும் இல்லை.

மாத்திரை முழுசானது, எண்களும் வர ஆரம்பித்தன. காலை எண் நன்றாகவே இறங்கியது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் பார்த்தால் மட்டும் 260, 280. மூன்று மாதச் சராசரி அசையவில்லை.

கிண்ணம்

உணவைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொடுப்பது தட்டுக் கணக்கு. ஒரு தட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பாதிக்குக் காய்கறி, கால்வாசிக்குக் கறியோ மீனோ, கால்வாசிக்குச் சோறு. படம் அழகாக இருக்கும். சீன வீட்டில் இப்படி ஒரு தட்டே கிடையாது. மேஜை நடுவில் மீன், கீரை, டோஃபு, சூப் எல்லாம் பொதுவாக இருக்கும். ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் சோறு. நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சோற்றின் மேல் வைத்துச் சாப்பிடுவார்கள். பாதி என்ன, கால் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை நடத்தும் வகுப்பில் தட்டுப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவரவர் வீட்டில் சாப்பிடும் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னேன். நானே பெரிய ரைஸ் குக்கரில் சோறு வடித்துக் கொண்டுபோனேன். (நம் ஆட்கள் 'குக்கரில் எங்கே வடிப்பது' என்பார்கள். பழக்க தோஷம்.) கூடவே ஒரு சமையல் தராசு.

அன்றைக்குப் போபோவுடன் மருமகளும் வந்திருந்தாள். ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை, அன்று விடுமுறை. கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போபோ ஒன்றுக்கு இரண்டு கிண்ணம் கொண்டுவந்திருந்தார். ஒன்று தன் அறையில் சாப்பிடுவது, விளிம்பில் நீலக் கோடு, ஓரிடத்தில் லேசாகச் சில்லு போயிருந்தது. இன்னொன்றைச் சீனச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மகன் வீட்டுக் கிண்ணம். வழக்கமாக எப்படிப் போட்டுக்கொள்வீர்களோ அப்படியே போடுங்கள் என்றேன். நீலக் கோட்டுக் கிண்ணத்தில் அளவாகப் போட்டார், 150 கிராம். இரண்டாவதைப் போபோ தொடவில்லை. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் எழுந்து வந்து, கரண்டியை வாங்கி, சோற்றை அழுத்தி அழுத்தி மேலே கூம்பாக வரும்படி நிரப்பினாள். 310 கிராம். நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. முதல் கிண்ணத்தில் 42, இரண்டாவதில் 87. ராத்திரி 280 எங்கிருந்து வருகிறது என்பது தராசிலேயே தெரிந்துவிட்டது.

எனக்குப் பெரிய கண்டுபிடிப்புப் போல இருந்தது. உற்சாகமாக, "இதில் பாதியை விட்டுவிடலாமே?" என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். போபோ பதில் சொல்லவில்லை. மருமகள் என்னைப் பார்க்காமல் மாமியாரைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னாள். போபோ மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார். மருமகள் திரும்பவும். யார் என்ன பேசினாலும் அப்படியே மொழிபெயர்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த மொழிபெயர்ப்பாளரும் தைஷான்காரர்தான், அவர்கள் பேசியது தைஷான் பேச்சு. ஒரு நிமிடம் அவர் வாயே திறக்கவில்லை, கையிலிருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "போன வருஷம் இந்த அம்மா ஒரு மாதம் சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டாராம். சமையல் பிடிக்கவில்லை, என்மேல் கோபம் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். அதில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. என் அம்மாவை என்ன சொன்னாய் என்று அவன் கேட்டிருக்கிறான். அப்புறம் இந்த அம்மா பழையபடி முழுக் கிண்ணமும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். டாக்டர் சொல்லித்தான் குறைத்தேன் என்று இவர் அவர்களிடம் சொல்லவே இல்லையாம்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். போபோ சொன்னது: "அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான கஷ்டம் இருக்கிறது."

வகுப்பு முடிந்து என் மேஜைக்கு வந்ததும் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். போன வருடம் ஒரே ஒரு காலாண்டில் ஏ1சி 9.3-லிருந்து 8.6-க்கு இறங்கியிருந்தது. அடுத்த காலாண்டில் 9.4. இறங்கிய அன்று சுய பராமரிப்புக் கட்டத்தில் நானே எழுதியிருக்கிறேன்: 'இரவுச் சோறு பாதி. நோயாளி சிறப்பாகப் பின்பற்றுகிறார்.' ஏறிய அன்று: 'மீண்டும் வலியுறுத்தப்பட்டது.' அவ்வளவுதான். என் ஆலோசனை பலித்திருக்கிறது. பலித்த அந்த ஒரு மாதமும் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. குடும்பமா சர்க்கரையா என்று வந்தபோது போபோ யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நானோ அதற்குப் 'பின்பற்றவில்லை' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மருமகளைக் குறை சொல்லவும் வழியில்லை. பெரியவர்களுக்குக் கிண்ணம் நிறையப் போடுவதுதான் மரியாதை. நம் வீட்டில் மாமனாருக்கு ஒரு கரண்டி குறைத்து வைத்துப் பாருங்கள், தெரியும். கான்டனீஸில் ஒருவரைப் பார்த்தால் விசாரிப்பதே 'சிக் சோ ஃபான் மேய்?' என்றுதான். நேராகச் சொன்னால் 'சோறு சாப்பிட்டாச்சா?' ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் பின்னால் வாய்க்கப் போகிறவர் முகத்தில் அத்தனை அம்மைத் தழும்பு இருக்கும் என்று குழந்தைகளை மிரட்டுவார்கள். போபோவுக்கு அந்த மிரட்டல்கூடத் தேவைப்பட்டிருக்காது. 1959 முதல் 1961 வரை சீனாவில் பஞ்சம். அப்போது அவருக்கு எட்டு, ஒன்பது, பத்து வயது. அந்த வருடங்களைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார், அதுவும் சக்கரவள்ளிக் கிழங்கு பற்றிய பேச்சில். வெள்ளைச் சோற்றைவிடக் கிழங்கு பரவாயில்லை என்று நான் ஏதோ பாடம் நடத்த, "அது நாங்கள் சோறு இல்லாதபோது தின்றது" என்றார். அத்தோடு அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டேன்.

ஊரறிந்த விஷயம்

வெட்கத்தில் கொஞ்சம் தேடிப் படித்தேன். நான் பெரிதாகக் கண்டுபிடித்தது இந்த ஊரிலேயே பழைய செய்தி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தில் நர்சிங் பேராசிரியராக இருந்த கேதரின் செஸ்லாவும், சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக உளவியலாளர் கெவின் சுன்னும் இங்குள்ள சீனக் குடும்பங்களோடு பேசி 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோய் வந்ததும் முதலில் ஆட்டம் காண்பது வீட்டின் சாப்பாட்டு ஒழுங்கும் வீட்டார் தங்களுக்குள் வைத்திருக்கும் இணக்கமும்தான். சமாளிப்பதையும் குடும்பமாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துத்தான் சமாளிக்கிறார்கள் என்பது அதன் சாரம். இருபது வருடம் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் படிவத்தில் இன்னும் அந்தக் கட்டம்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றினாலே சர்க்கரை நோயைத் தள்ளிப்போடலாம் என்று முதன்முதலில் பெரிய அளவில் காட்டிய ஆய்வுகளில் ஒன்று, வடகிழக்குச் சீனாவின் எண்ணெய் நகரமான தாச்சிங்கில் 1986-இல் தொடங்கியது. நோயின் வாசலில் நின்ற 577 பேர். ஆறு வருடம் ஆலோசனை கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களுக்கு நோய் வந்தது சராசரியாக நான்கு வருடம் தள்ளிப்போயிருந்தது. இதை நான் எத்தனையோ தடவை மேற்கோள் காட்டியிருக்கிறேன். நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துத்தான் காட்டுவேன், அரிசி தின்கிறவர்களாலும் முடியும் என்று சொல்வதற்காக. தாச்சிங்கில் ஒரு விவரத்தை மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தேன். யாருக்கு எந்த ஆலோசனை என்று அவர்கள் ஆளாளுக்குச் சீட்டுக் குலுக்கவில்லை. 33 கிளினிக்குகளுக்குக் குலுக்கினார்கள். ஒரு கிளினிக்கைச் சேர்ந்த அத்தனை பேருக்கும் ஒரே பேச்சு. ஆய்வு வசதிக்காகத்தான் அப்படிச் செய்திருப்பார்கள், நான் ரொம்ப இழுக்கக் கூடாது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே சொல்லப்பட்டிருக்கிறது என்பது சாப்பாட்டு மேஜையில் சின்ன விஷயமா?

அப்புறம் நடந்தது எல்லாமே சின்னச் சின்ன வேலைகள். அடுத்த முறை மருமகளையும் மகனையும் சேர்த்து வரச் சொன்னேன். போபோ முதலில் வேண்டாம் என்றார். நான் மொழிபெயர்ப்பாளரை விட்டு மருமகளிடம் நேராகப் பேச வைத்தேன். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் குற்ற உணர்ச்சிதான், ஆனால் போபோ சம்மதித்த பிறகுதான் பேசினோம். மகன் ஒரு சீன உணவகத்தில் சமையல்காரர். மதியம் மூன்று மணிக்கு ஒரு சாப்பாடு, கடை மூடியபின் ராத்திரி பதினொன்றுக்கு ஒன்று. வயது 44, பிஎம்ஐ 24. வந்ததே வந்தீர்கள் என்று அவருக்கும் ரத்தம் எடுத்தோம். 6.1. நோயின் வாசல். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் முதல் தடவையாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். போபோவுக்கு வந்தது சிரிப்பா அழுகையா தெரியவில்லை, பஸ் பாஸை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிவப்பரிசி, கைக்குத்தல் என்று நான் ஆரம்பித்ததை மூவரும் சேர்ந்து நிராகரித்தார்கள். பல்லுக்கு ஆகாது, வயிற்றுக்கு ஆகாது, குழந்தைகள் தொடமாட்டார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அவர்களே சொன்னவை வேறு. மருமகள், சூப்பை முதலில் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம், கீரையும் மீனும் பாதி தீர்ந்த பிறகு சோற்றை மேஜைக்குக் கொண்டுவரலாம் என்றாள். மகன் பாகற்காய் என்றார். சீனப் பாகற்காய் நம்முடையதைப் போல முள்ளுமுள்ளாக இருக்காது, வெளிர் பச்சை, வழவழ என்று இருக்கும். அதன் பெயர் 'ஃபூ க்வா', கசப்புக் காய். ஆனால் கசப்பு என்ற சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருள் வருவதால் கான்டனீஸ்காரர்கள் அதை 'லியோங் க்வா', குளிர்ச்சிக் காய் என்பார்கள். பாகற்காய் சர்க்கரையைக் கரைத்துவிடும் என்று நான் நம்பவில்லை, அவரிடமும் சொன்னேன். முட்டையோடு வதக்கிச் சோற்றுக்குப் பதில் இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டால் லாபம்தானே என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. போபோ, சாப்பிட்டபின் நூறடி நடந்தால் தொண்ணூற்றொன்பது வயதுவரை வாழலாம் என்ற அவர்கள் ஊர்ப் பழமொழியைச் சொல்லிவிட்டு, பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடப்பதாக ஒப்புக்கொண்டார். பேரன் திரும்பிப் போக வேண்டுமே என்றேன். மகனோ மருமகளோ கூட வருவார்களாம். அப்படியானால் மூன்று பேர் நடக்கிறார்கள்.

கிண்ண யோசனை யாருடையது என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து வந்தபோது மருமகள் போனில் ஒரு படம் காட்டினாள். ஸ்டாக்டன் தெருவில் பாத்திரக் கடையில் வாங்கியது, விளிம்பில் நீலக் கோடு போட்ட சின்னக் கிண்ணங்கள், போபோவின் அறையில் இருப்பதைப் போலவே. பழைய பெரிய கிண்ணங்களை நூடுல்ஸுக்கு ஒதுக்கிவிட்டார்களாம். இப்போது யாருக்கும் குறைத்துப் போட வேண்டியதில்லை. எல்லாக் கிண்ணமும் நிறையத்தான் இருக்கிறது, கூம்பாகக்கூட.

ஏ1சி 8.1-க்கு வந்தது. சீனப் புத்தாண்டு முடிந்து பார்த்தபோது 8.5. அரிசி மாவில் செய்யும் இனிப்புப் பலகாரம் இரண்டு வாரம் வீட்டில் இருந்ததாம். இந்த முறை 7.9. 7-க்கு வருமா என்று தெரியாது. 73 வயதில், மயக்கம் வராமல், இந்த எண்ணோடு இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கும் அதுதான் படுகிறது.

போன வாரம் வந்திருந்தபோது அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 'சுய பராமரிப்பு இலக்கு'. பக்கத்தில் 'பொறுப்பு' என்று இன்னொரு சின்னக் கட்டம். அதில் 'நோயாளி' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறார்கள், மாற்ற முயன்றால் மாறாது. முதல் கட்டத்தில், 'இரவில் சின்னக் கிண்ணம், 5 பேருக்கும்' என்று அடித்தேன். என்ன எழுதுகிறாய் என்று போபோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் படித்துக் காட்டினார். போபோ தலையை ஆட்டினார், இந்தத் தடவை 'ஹோ' இல்லை.

"ஆறு" என்றார்.

வீட்டில் ஐந்து பேர்தானே என்று கேட்டேன். யாராவது சாப்பிட வந்தால் ஒன்று வேண்டாமா என்றார். ஐந்தை அழித்துவிட்டு ஆறு என்று போட்டேன்.